பூஜைக்கு வைத்த பட்டாளத்து ஸ்பானர்கள்

பகவதிப்பெருமாளிடம் ஒரு தேங்காயை விற்பதற்குள் திருவனந்தபுரத்துச் சாலைக் கம்போளச் சந்தையில் தேங்காய்க்காரனுக்குப் பாதி உயிர் போய்விடும். ஒரு காதருகே வைத்து ஆட்டுவார், மறு காதருகே வைத்து ஆட்டுவார், நகத்தால் தட்டுவார், "உள்ள அழுகல் இல்லேன்னு என்ன உறப்பு?" என்று கேட்பார். பஸ்ஸில் ஏறினால் டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். கோட்டைக்குள் மணி அடித்தால் தம் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். அதையும் நம்பாமல் எதிரே வருகிறவனிடம் மணி கேட்பார். அவன் சொன்னதை நம்பிவிடுவாரா என்ன? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். பெருமாள் அரண்டவர் அல்லர். நல்ல வெளிச்சத்தில் நின்றுகொண்டே பேயைத் தேடுகிறவர்.

சொந்த ஊர் பூதப்பாண்டிப் பக்கம். சிறு வயதிலேயே திருவனந்தபுரத்துக்கு வந்து, சாலையில் ஓர் இரும்புக்கடையில் சரக்குப் பார்த்து எடுக்கிற வேலையில் அமர்ந்தவர். முதலாளிக்கு அவருடைய சந்தேகப் புத்தி மிகவும் பிடித்திருந்தது. ஆணி மூட்டையைப் பிரித்து அடியில் கை விட்டுப் பார்க்கிற ஆள் கிடைத்தால் எந்த முதலாளிக்குத்தான் கசக்கும்? மனைவி உலகம்மைக்கு அது பிடித்ததா என்று யாரும் கேட்கவில்லை. சாம்பாரில் உப்புப் போட்டாயா என்று தினமும் கேட்கிற மனிதரோடு அவள் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

நாற்பத்தேழாம் வருஷத்தில் யுத்தத்து மிச்சச் சாமான்கள் ஏலத்தில் கைமாறி, சாலைக்கு மூட்டை மூட்டையாக வரத் தொடங்கின. லாரி ஸ்பானர், ஜீப்பு ஸ்பானர், தண்ணீர்ப் புட்டி, இடுப்புப் பட்டை எல்லாம் ஒரே சாக்கில் கிடக்கும். முதலாளி அவற்றை எடை போட்டு உருக்குவதற்கு அனுப்பச் சொன்னார். அப்படி எடை போடும்போதுதான் ஒரு ஸ்பானரின் கழுத்தில் காக்கைக்கால் போல மூன்று கோடுகள் கொத்தியிருப்பதைப் பெருமாள் பார்த்தார். இது என்ன, யார் கொத்தியது, எதற்காகக் கொத்தினான்? சந்தேகம் வந்துவிட்டது. வந்தால் போகுமா?

ஸ்பானரைக் காசு கொடுத்து வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தார். மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, தேங்காய் நாரால் துருவைத் தேய்த்து, மேலே சாக்கட்டியைப் பூசித் துடைத்தார். பள்ளத்தில் வெள்ளை தங்கி, முத்திரையும் வருஷமும் பளிச்சென்று தெரிந்தன. அந்தக் காக்கைக்கால் வெள்ளைக்காரப் பட்டாளத்தின் அடையாளம். அதற்குக் கீழே ஓர் இங்கிலீஷ் ஐ இருந்தால் இந்தியப் பட்டாளம். இதெல்லாம் அவருக்குப் பின்னால் தெரிந்தவை. அன்றைக்கு அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான்: உலகத்தில் தன் பிறப்பைத் தன் உடம்பிலேயே எழுதி வைத்திருக்கும் ஒரு சாமானைத் தாம் கண்டுபிடித்துவிட்டோம். மனிதர்களிடம் இந்த வசதி இல்லாததுதான் அவருடைய நெடுநாள் குறை.

அதிலும் ஏமாற்று வந்தது. பட்டாளத்துச் சாமானுக்கு விலை உண்டு என்று தெரிந்ததும், லேத்துப் பட்டறைக்காரன் எவனோ புது ஸ்பானரில் காக்கைக்காலைக் கொத்தி விற்க ஆரம்பித்தான். பெருமாளுக்கு அது திருவிழா. கட்டைவிரலை முத்திரையின் மேல் ஒரு தடவை ஓட்டுவார். பழைய கொத்து மழுங்கியிருக்கும். புதுக் கொத்தின் விளிம்பு விரலைப் பிராண்டும். "லேய், இது போன மாசம் பிறந்த பட்டாளம்லா?" என்று சொல்லித் தூக்கி எறிவார்.

ராமசுப்ரமணியனைச் சந்தித்தது இந்தக் கிறுக்கில்தான். பழவங்காடிக்கு அருகே, புத்தரிக்கண்டம் மைதானத்து ஓரத்தில் ஞாயிற்றுக்கிழமை சாக்கு விரித்துப் பழைய இரும்பு விற்பவர்கள் இருந்தார்கள். அங்கே குனிந்து ஒரு ஸ்பானரைப் புரட்டிக்கொண்டிருந்த பெருமாளின் தோளுக்கு மேலே ஒரு குரல் கேட்டது.

"காக்கைக்காலைச் சுத்தி ஒரு வளைவு இருக்கு பாரும். அது கனடா சரக்கு ஓய். விடாதேயும்."

நிமிர்ந்து பார்த்தால், கோட்டைக்குள் அக்ரகாரத்தில் குடியிருக்கும் ஓர் ஐயர். சர்க்கார் ஆபீஸ் ஒன்றில் கிளார்க்கு. யுத்த காலத்தில் வடக்கே ஓர் ஆயுதக் கிடங்கில் குமாஸ்தாவாக இருந்து, துப்பாக்கி துடைக்கிற நாடாவிலிருந்து பீரங்கிச் சாவிவரை பார்த்தவர். பெருமாள் உடனே முடிவு கட்டினார்: இவன் சாக்குக்காரனின் ஆள், விலையேற்ற வந்திருக்கிறான்.

இந்த முடிவிலிருந்து இறங்கி வர அவருக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அதற்குள் எத்தனை சோதனைகள்! ஒரு தடவை நல்ல ஸ்பானர் ஒன்றில் கண்ணுக்குத் தெரியாமல் கீறி வைத்து, பார்த்துவிட்டுத் தரும்படி ஐயர் கையில் கொடுத்தனுப்பினார். மாற்றிக் கொடுப்பாரா என்று பார்க்கத்தான். அடுத்த ஞாயிறு ஐயர் அதைக் கொண்டுவந்து நீட்டினார்.

"இடது பக்கம் கீறியிருக்கீர். சோதனைதானே? பண்ணும், பண்ணும். நேக்கும் பொழுது போகும்" என்று சொல்லி வயிறு குலுங்கச் சிரித்தார்.

பெருமாளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அன்றோடு சரி. அந்த ஒரு மனிதரிடம் மட்டும் அவர் சந்தேகத்தைக் கழற்றி வைத்தார். பெற்ற தாயிடம்கூட இந்த மரியாதையை அவர் காட்டியதில்லை. ஐயரிடம் சாமான் போகும், வரும். எண்ணிப் பார்ப்பது கிடையாது. ஞாயிறு மத்தியானம் ஐயர் வந்துவிட்டால், முன்னறையில் இருவரும் பாயில் இரும்பைப் பரப்பிக்கொண்டு குழந்தைகள் போலச் சண்டை போடுவார்கள். அடுக்களையில் உலகம்மை கேட்டுக்கொண்டே வேலை செய்வாள். மனிதருக்கு நம்புவதற்கு உயிரோடு ஓர் ஆள் கிடைத்திருக்கிறாரே என்று அவளுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

ஸ்பானர்களோடு துப்பாக்கிச் சாமான் மூன்றும் சேர்ந்தன. பிரென் என்கிற யந்திரத் துப்பாக்கியைக் கழற்றிப் பூட்டுகிற பலகைச் சாவி ஒன்று. குழலுக்குள் விட்டு இழுத்துத் துடைக்கிற, நுனியில் பித்தளைக் குண்டு வைத்த கயிறு ஒன்று. குறி பார்க்க நுனியில் இருக்கும் முனைக்குறியை நகர்த்துகிற சின்னத் திருகு ஒன்று. துப்பாக்கியைப் பெருமாள் தொட்டதும் இல்லை, தொட ஆசைப்பட்டதும் இல்லை. பல்லக்கை விட்டுவிட்டுப் பல்லக்கின் ஆணியைச் சேர்க்கிற ஆசாமி.

ஐம்பத்துநாலாம் வருஷம் காற்று மாறியது. திருவிதாங்கூரின் தென் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்ற போராட்டம் முற்றி, ஆகஸ்டில் அங்கே போலீஸ் சுட்டதில் ஆட்கள் செத்தார்கள். திருவனந்தபுரத்துத் தமிழர்கள் தெருவில் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். எவன் எதற்கு எந்தப் பக்கம் போகிறான் என்று எல்லாரும் எல்லாரையும் பார்த்தார்கள். ஊர் முழுக்கப் பெருமாளாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நவராத்திரி வந்தது. ஒவ்வொரு வருஷமும் போல, துர்க்காஷ்டமி மாலை பெருமாள் முன்னறையில் மணைகளைப் போட்டு, பச்சரிசி பரப்பி, அதன்மேல் ஸ்பானர்களை வரிசையாக வைத்துச் சந்தனமும் குங்குமமும் இட்டார். துப்பாக்கிச் சாமான் மூன்றையும் நடுவில் வைத்தார். சுண்டலுக்கு வந்தவர்கள் பார்த்துவிட்டுப் போன பிறகு மேலே வெள்ளை வேட்டியைப் போர்த்தினார். வைத்துவிட்டால் விஜயதசமி காலை பூஜை எடுக்கும்வரை தொடக்கூடாது. கொத்தன் கரண்டியைத் தொடமாட்டான், தட்டான் சுத்தியலைத் தொடமாட்டான், பிள்ளைகள் புத்தகத்தைத் தொடமாட்டார்கள். பிள்ளைகளுக்கு அதைவிடப் பக்தியான விரதம் வேறு இல்லை. அன்று ராத்திரியே எல்லாம் இருக்கிறதா என்று வேட்டியின் ஓரத்தைத் தூக்கப் போன பெருமாளை உலகம்மை பிடித்துக்கொண்டாள்.

"சாமி குத்தம்! கைய எடுங்க. சரஸ்வதி மேலயும் சந்தேகமா உங்களுக்கு?"

மறுநாள் நவமி. காலையில் வாசலில் ஹெட் கான்ஸ்டபிள் பரமேஸ்வரக் குறுப்பு நின்றார்.

"அண்ணாச்சி, இவிடெ தோக்கு உண்டோ?"

தோக்கு என்றால் துப்பாக்கி. தோக்கு இல்லை, தோக்கு துடைக்கிற சாமான்தான் இருக்கிறது என்றார் பெருமாள். போலீஸ்காரரிடம் சொல்ல அதைவிட மோசமான பதில் இருக்க முடியாது.

"காட்டு."

"பூஜைக்கு வச்சிருக்கு ஏட்டே."

குறுப்பு ஓர் அடி பின்னால் வைத்தார். செருப்பைக் கழற்றினார். போர்த்திய வேட்டியை எட்ட நின்று பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"அப்போ தொட வேண்டா. ஸ்டேஷன்லயும் எல்லாம் பூஜையிலதான். நான்கூட லத்தி இல்லாம வந்நிருக்கேன்." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நாளைக்குக் காலையில பூஜை எடுக்கும்போ பாக்கலாம். அதுவரைக்கும் ஒண்ணும் அனங்கக்கூடாது, வச்ச இடத்துலயே இருக்கணும். ஆரோ சுண்டல் வாங்க வந்தவன் பாத்துட்டு, சாயக்கடையில சொல்லிட்டான். கேட்டா விட முடியுமோ?"

சுண்டலைத் தின்ற வாய் எது? பெருமாளின் மனம் தெரு முழுக்க வீடு வீடாக ஏறி இறங்கியது. எதிர்வீட்டுச் சரஸ்வதியம்மாளா? இரண்டு தடவை சுண்டல் வாங்கினாளே, ஏன்? கடை முதலாளியா? நேற்று ரொம்ப அன்பாகச் சிரித்தாரே, ஏன்? பாம்பென்று தாண்டவும் முடியாமல் பழுதையென்று மிதிக்கவும் முடியாமல் அவர் தவித்தார்.

விஷயம் கேள்விப்பட்டு மத்தியானம் ராமசுப்ரமணியன் ஓடி வந்தார். "பயப்படாதேயும். எந்தக் கடையில வாங்கினீரோ சொல்லும், அவ்வளவுதான். நானும் இருக்கேன்" என்றார். சாயங்காலம் குறுப்பு தேநீர் குடிக்கத் துணைக்குப் பெருமாளை அழைத்தபோது, "போயிட்டு வாங்கோ, நான் பார்த்துக்கறேன்" என்று முன்னறையில் தனியே உட்கார்ந்திருந்தார். அவர்கள் திரும்பி வந்த பிறகுதான் வீட்டுக்குப் போனார்.

விளக்கு வைக்கும் நேரத்தில் குறுப்பு எழுந்தார். ராத்திரிக்கு வாசலில் வேறொரு போலீஸ்காரர் வருவார் என்றார். தெருமுனைவரை அவரைக் கொண்டுவிடப் பெருமாள் கூடப் போனார்.

விஜயதசமி காலை. உலகம்மை விடிந்ததும் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கப் போய்விட்டாள். குறுப்பு குளித்து, நெற்றியில் சந்தனத்தோடு வந்தார். பெருமாள் சூடம் காட்டிவிட்டு வேட்டியை விலக்கினார்.

அரிசியில் மூன்று பள்ளங்கள். பலகைச் சாவி கிடந்த இடம் பலகைச் சாவி வடிவத்திலேயே இருந்தது. கயிறு கிடந்த இடம் சுருள் சுருளாக இருந்தது. திருகு கிடந்த இடத்தில் ஒரு குங்குமப் பொட்டு மட்டும் அரிசியில் ஒட்டியிருந்தது. மற்ற ஸ்பானர்கள் அத்தனையும் வரிசை குலையாமல் கிடந்தன.

குறுப்பின் முகம் மாறியது. "அண்ணாச்சி, சாமான் இருந்திருந்தா சாமானைப் பாத்துட்டுப் போயிருப்பேன். இப்போ சாமான் இல்லை. இனி தோக்கு எவிடேன்னு நான் தேடணும். ஆரு எடுத்தது?"

பூஜையில் வைத்ததைத் தொடும் துணிச்சல் உலகம்மைக்கு வராது. அந்நியன் எவனாவது எடுத்தான் என்றால், இத்தனை இரும்புக்கு நடுவில் துப்பாக்கிச் சாமான் இவை மூன்றுதான் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? தெரிந்தவர் ஒருவர் உண்டு. தனியாக உட்கார்ந்திருந்தவர் ஒருவர் உண்டு. 'நான் பார்த்துக்கறேன்' என்று சொன்னவரும் அவர்தான். அந்தப் பலகைச் சாவியின் மேல் அவருக்கு எப்போதும் ஒரு கண். இத்தனை வருஷம் பட்டினி கிடந்த சந்தேகம் ஒரே பாய்ச்சலில் கவ்வியது.

"கோட்டைக்குள்ள, ராமசுப்ரமணிய ஐயர்" என்றார் பெருமாள்.

குறுப்பு போன சற்று நேரத்தில் உலகம்மை தேங்காய் மூடியோடு உள்ளே வந்தாள். வேட்டி விலகிக் கிடப்பதைப் பார்த்தாள்.

"போலீஸ்காரர் போயிட்டாரா? ஒண்ணும் சொல்லலியே? நான்தான் நேத்தைக்கு விளக்கு வைக்கும்போ எடுத்துக் கிணத்துல போட்டேன்."

பெருமாள் அவளை வெறித்துப் பார்த்தார். "பூஜையில இருந்தா?"

"சாமிகிட்ட சொல்லிட்டுத்தான் எடுத்தேன். சாமி ஜெயிலுக்குப் போகாது. நீங்க போவிய."

"அந்த மூணுதான்னு உனக்கு எப்படிட்டீ தெரிஞ்சு?"

"ஞாயித்துக்கிழம தோறும் ரெண்டு பேரும் தொண்ட கிழியப் பேசினா, அடுக்களையில உள்ளவளுக்குக் காது இல்லியா?"

பெருமாள் சட்டை போடாமல் தெருவில் ஓடினார். கோட்டைவாசலைக் கடந்து, ஐயர் வீட்டுத் தெருவுக்குள் மூச்சிரைக்கத் திரும்பும்போது, குறுப்பு படியிறங்கிக்கொண்டிருந்தார். வாசலில் ராமசுப்ரமணியன் நின்றார். தெருவே கதவிடுக்கில் நின்று பார்த்தது.

"அண்ணாச்சி பறஞ்சது செரி" என்றார் குறுப்பு. "ஸ்வாமி சம்மதிச்சாச்சு. பயந்துபோய் எடுத்து, சங்குமுகத்துக் கடல்ல போட்டுட்டாராம். ஆபீஸுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டி வரும். வேற கேஸ் ஒண்ணும் வேண்டா."

பெருமாள் வாயைத் திறந்தார். 'ஐயர் எடுக்கவில்லை' என்று சொன்னால், 'பின்னே ஆரு?' என்று குறுப்பு கேட்பார். அதற்குப் பதில் உலகம்மை. திறந்த வாய் அப்படியே மூடிக்கொண்டது.

ராமசுப்ரமணியன் அவரைப் பார்த்தார். "ஆத்துக்குப் போம். வெறும் உடம்போட நிக்கறீர்" என்றார். குரலில் கோபம் இல்லை. உள்ளே போய்விட்டார்.

கேஸ் இல்லை. ஆனால் அந்தக் காலத்தில் ஒரு தமிழ்க் கிளார்க்கைப் பற்றிப் போலீஸ் ஒரு வார்த்தை சொன்னால் போதாதா? வரவேண்டிய பிரமோஷன் நின்றது. தை பிறந்ததும் ஆலப்புழைக்கு மாற்றல் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகள் வந்தன, போயின. பெருமாளுக்குப் பழவங்காடிப் பக்கம் கால் வரவில்லை. வண்டி ஏறப் போகிறார்கள் என்று கேட்ட அன்றுதான் கோட்டைக்குள் போனார்.

கூடத்தில் பெட்டிகள் பாதி கட்டிக் கிடந்தன. பெருமாள் உட்காரவில்லை.

"சாமி, உலகம்மைதான் எடுத்திருக்கா. கிணத்துல போட்டுட்டா."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"குறுப்பு மூணுன்னு சொன்னானே. அந்த மூணையும் பிரிச்சு எடுக்கத் தெரிஞ்சவா யார் ஓய்? நான் எடுக்கலை. நீர் எடுத்திருந்தா அன்னிக்கே எங்கிட்ட ஓடி வந்திருப்பீர். மிச்சம் உலகம்மை. பயந்த பொம்மனாட்டி, பாவம். நான் இல்லைன்னு சொன்னா அவன் திரும்ப உங்காத்துக்குத்தானே வருவான்?"

பெருமாளுக்குக் கண்ணீர் கொட்டியது. "நான் பாவி, சாமி. எனக்குத் தோணல்லியே."

"நேக்கு ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டியிருந்தது" என்றார் ராமசுப்ரமணியன். "உமக்கு அதுகூட வேண்டியிருக்கலைன்னு குறுப்பு சொன்னான். கேட்ட வாக்கிலேயே என் பேர் வந்துதாம்."

சொல்லிவிட்டு அலமாரியிலிருந்து ஒரு துணி மூட்டையை எடுத்துவந்து பெருமாளின் கையில் வைத்தார். பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று அவர் வாங்கிக்கொண்டு போயிருந்த ஸ்பானர்கள் உள்ளே இருந்தன.

"உம்ம சரக்கு. சரி பார்த்துக்கும்."

"ஐயோ, வேண்டாம் சாமி. உங்களையா நான் சரி பாக்கணும்?" பெருமாள் மனதாரத்தான் சொன்னார். அந்த நேரத்தில் ஐயர் கேட்டிருந்தால் தம் உயிரையே கழற்றிக் கொடுத்திருப்பார்.

மூட்டையின் முடிச்சு தளர்ந்து மேலே இருந்த ஸ்பானர் நழுவியது. பெருமாள் அதை விழாமல் பிடித்தார். பிடித்த கை அதைத் திருப்பியது. கட்டைவிரல் தானாகவே கழுத்துப் பக்கம் போய், காக்கைக்காலின் மேல் ஒரு தடவை ஓடி, விளிம்பு மழுங்கித்தான் இருக்கிறதா என்று பார்த்தது.

விரல் செய்ததைப் பெருமாள் உணர்ந்தபோது ராமசுப்ரமணியன் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரியா இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கு" என்றார் பெருமாள்.

ராமசுப்ரமணியன் தலையசைத்துவிட்டு, மிச்சப் பெட்டியைக் கட்டுவதற்குக் கயிற்றை எடுத்தார்.